அறுபத்தோராவது யூனிட்

திருகோணமலை மாவட்ட மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் அங்கத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்



பாலையூற்றில் ஒரு வீட்டின் மின்மானி முப்பது நாளில் 60 யூனிட் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த கட்டண அட்டவணைப்படி அந்த வீட்டுக்கு வரும் பில் 585 ரூபா. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் 61 யூனிட் ஓடியிருக்கிறது. அங்கே பில் 1,183 ரூபா 50 சதம். வரி இரண்டுக்கும் தனி. ஒரு யூனிட் கூடியதற்குத் தண்டம் ஏறக்குறைய அறுநூறு ரூபா.

இதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. அந்த அட்டவணைப்படி, 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 30 யூனிட் நாலரை ரூபாப்படியும் அடுத்த 30 யூனிட் எட்டு ரூபாப்படியும் கிடைக்கிறது. 30ஐத் தாண்டிய வீட்டுக்கு நிலையான கட்டணம் 210 ரூபா. 60ஐத் தாண்டியதும் அந்த மலிவு விலை முழுவதும் பறிபோகும். முதலாவது யூனிட்டிலிருந்தே 12 ரூபா 75 சதம் என்று கணக்கு மாறும். நிலையான கட்டணமும் 400 ஆகும். அதற்கு மேலும் படிகள் உண்டு. 61 முதல் 90 வரை யூனிட் 18 ரூபா 50 சதம். 91 முதல் 120 வரை 24 ரூபா, நிலையான கட்டணம் 1,000. 121 முதல் 180 வரை 41 ரூபா, நிலையான கட்டணம் 1,500. அதையும் தாண்டினால் யூனிட் 61 ரூபா, நிலையான கட்டணம் 2,100.

மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவியுங்கள் என்று பத்திரிகையும் சொல்கிறது, பாடசாலைச் சுவரும் சொல்கிறது. இந்தப் படிகளைச் சொல்லாத அறிவுரை பாதி அறிவுரைதான். 75 யூனிட் ஓடும் வீட்டில் ஐந்து யூனிட் மிச்சம் பிடித்தால் 92 ரூபா 50 சதம் மிஞ்சும். அதே ஐந்து யூனிட்டை 93 யூனிட் ஓடும் வீட்டில் மிச்சம் பிடித்தால் 709 ரூபா மிஞ்சும். பட்ட பாடு ஒன்று, கிடைத்த பலன் ஏழு மடங்குக்கும் மேல். எந்த வீடு எந்தப் படியில் நிற்கிறது, கீழ்ப்படிக்கு இன்னும் எத்தனை யூனிட் இறங்க வேண்டும் என்பது தெரியாமல் மின்குமிழை அணைத்துக்கொண்டு திரிவதில் என்ன பயன்?

மின்சாரம் வழங்குபவர்களை விட்டுவிட்டு உங்களுக்கு இந்த மடல் வருவதற்குக் காரணம் உண்டு. மாவட்டத்தின் பெரும்பாலான வீடுகளில் பில் காசைப் புடவைத் தலைப்பிலோ அலுமாரி மூலையிலோ முடிந்து வைப்பவர்கள் பெண்கள்தான். மூதூரிலும் கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் தம்பலகாமத்திலும் மாதர் சங்கம் என்றால் மாதக் கூட்டம் உண்டு, சேமிப்புப் புத்தகம் உண்டு, சுழற்சிக் கடன் உண்டு. தனி வீடு ஒன்றால் செய்ய முடியாத சில காரியங்களை முப்பது பேர் கூடினால் செய்யலாம். அவற்றைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் கொஞ்சம் பழைய கணக்கு. 2013க்குப் பிறகு ஒன்பது ஆண்டுகள் மின் கட்டணம் உயரவேயில்லை. 2022 ஓகஸ்ட் வரை 30 யூனிட் பாவித்த வீட்டின் பில் 105 ரூபா. ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தபோது அதே 30 யூனிட் 360 ரூபா ஆனது. ஆறு மாதம் கழித்து, 2023 பெப்ரவரியில், மேலும் 66 சதவீதம் என்றார்கள். சராசரி அது, அடித்தட்டுக்கு விழுந்த அடி வேறு. முதல் 30 யூனிட்டின் விலை எட்டு ரூபாவிலிருந்து முப்பது ரூபாவுக்குப் பாய்ந்தது, நிலையான கட்டணம் 400 ஆனது, 30 யூனிட் வீட்டின் பில் 1,300 ரூபா. ஓராண்டு கூட முடிவதற்குள் பன்னிரண்டு மடங்கு! இரண்டு மின்குமிழும் ஒரு மின்விசிறியும் மட்டுமே வைத்திருந்த வீடுகளுக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் சிவப்பு அறிவித்தல் வந்த காலம் அது.

அதே நாட்களில்தான் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கைவிட்டன. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவுக்குப் போனது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபா ஆனது. கரையோரத்தில் வள்ளத்து எஞ்சினும் குசினி அடுப்பும் ஒன்றாகவே அடிவாங்கின. மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பழைய அம்மியும் விறகு அடுப்பும் அரிக்கன் லாம்பும் திரும்பி வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பிறகு கட்டணம் இறங்கியது, ஏறியது, மீண்டும் இறங்கியது. 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைத்தார்கள். ஜூனில் 15 சதவீதம் கூட்டினார்கள். உற்பத்திச் செலவு எவ்வளவோ அவ்வளவையும் பாவனையாளரிடமிருந்தே அறவிட வேண்டும் என்பது சர்வதேச நாணய நிதியத்துடன் 2023இல் செய்துகொண்ட ஏற்பாட்டின் ஒரு பகுதி. மழை பெய்து நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் கட்டணம் இறங்கும், வரட்சி வந்து எண்ணெய் எரித்தால் ஏறும். இனி ஒன்பது ஆண்டுகள் அசையாமல் நிற்கும் கட்டணத்தை எதிர்பார்க்க முடியாது. இந்த மடலில் பில் கணக்குப் போட்டிருப்பது 2025 ஜூன் அட்டவணைப்படி; ரூபா அளவு பிறகு மாறியிருக்கக்கூடும். ஆனால் 2013லிருந்து 2025 ஜூன் வரை வந்த அட்டவணைகளில் 30, 60, 90, 120, 180 என்ற படிகள் அப்படியே இருந்திருக்கின்றன.

அந்தப் படிகளை நாட்கணக்கில் பார்த்தால் தலைக்குள் நிற்கும். முப்பது நாளுக்கு 60 என்றால் நாளுக்கு இரண்டு யூனிட். 90 என்றால் மூன்று. 120 என்றால் நான்கு. 180 என்றால் ஆறு. மீட்டர் பார்ப்பவர் நான்கு நாள் பிந்தி வந்ததால் படி தாண்டிவிட்டது என்று ஊரில் அடிக்கடி ஒரு குறை கேட்கும். அது சரியல்ல. பில்லில் எத்தனை நாளுக்கான கணக்கு என்று அச்சிட்டிருக்கும். 34 நாள் என்றால் படியும் 60க்குப் பதிலாக 68 ஆக நகரும். ஆகவே திட்ட வேண்டிய ஆள் அவர் அல்ல.

மின்மானியைப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழைய, தட்டுச் சுழலும் மின்மானியில் கறுப்பு இலக்கங்கள் முழு யூனிட். கடைசியாகச் சிவப்பில் உள்ளது பத்தில் ஒரு பங்கு, அதை விட்டுவிடலாம். புதியவற்றில் எண் திரையில் தெரியும். பில் வந்த நாளின் எண்ணை நாட்காட்டியில் எழுதி, பதினைந்தாம் நாள் மறுபடி பார்த்தால் போதும். 30க்கு மேல் ஓடியிருந்தால் 60ஐத் தாண்டப் போகிறது என்று அர்த்தம். திருத்திக்கொள்ள இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. பில் கைக்கு வந்த பிறகு தலையில் கைவைத்து என்ன?

யூனிட்டுகள் எங்கே போகின்றன என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் திருகோணமலையின் வெயில் கணக்குக்குள் வருகிறது. 2022இல் உக்ரேன் போரால் எரிவாயு தட்டுப்பட்டபோது ஜேர்மனியில் அரச அலுவலகங்களை 19 பாகைக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அங்கே பில்லை ஏற்றுவது குளிர். இங்கே வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டுகிறது, இரவிலும் சுவர்கள் கொதிக்கின்றன. வீட்டில் எது நின்றாலும் மின்விசிறி நிற்பதில்லை.

சாதாரண கூரை மின்விசிறி ஒன்று ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். பதின்மூன்று மணித்தியாலம் சுழன்றால் ஒரு யூனிட். மூன்று அறைகளில் மூன்று மின்விசிறி இரவு எட்டு மணித்தியாலம் ஓடினால் விடியும்போது 1.8 யூனிட் போயிருக்கும். நாளுக்கு இரண்டு என்ற எல்லை பல் விளக்குவதற்கு முன்பே ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதோடு பிரிட்ஜ். நடுத்தர அளவான ஒன்று நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் எடுக்கும். கொழும்பிலிருந்து பழையதாக வாங்கி வந்ததென்றால் இன்னும் கூட.

ஆகவே உண்மையை மறைக்காமல் சொல்வதென்றால், பிரிட்ஜும் இரண்டு மூன்று மின்விசிறியும் உள்ள ஐந்து பேர் வீடு கோடையில் 60க்குள் நிற்பது பெரும்பாடு. முடியாத இலக்கை வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் புழுக்கத்தில் படுக்கவைக்கத் தேவையில்லை. அந்த வீட்டுக்குரிய இலக்கு 90. 60 என்பது பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும், இரண்டே பேர் வாழும் வீட்டுக்கும், வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களுக்கும் பொருந்தும்.

மற்றச் சாமான்களைப் பற்றி ஊரில் உலவும் பயம் பாதி சரி, பாதி பிழை. மின்கேத்தலைக் கண்டால் பலருக்கு நடுக்கம். அதில் எழுதியிருக்கும் 1,500 வாட், 2,000 வாட் என்ற எண்தான் காரணம். ஆனால் ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க அதற்குச் சில நிமிடங்களே போதும், செலவு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. தேவையான அளவு தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து மிச்சத்தைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றினால் அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. இருபத்துநான்கு மணித்தியாலமும் சுவரில் கிடக்கும் டிஷ் பெட்டி வேறு கதை. படம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் பத்து வாட் இழுத்தால் மாதத்துக்கு ஏழு யூனிட். 65 யூனிட் ஓடும் வீட்டை அந்தப் பெட்டியின் ஆளி ஒன்றே கீழ்ப்படிக்கு இறக்கிவிடும்.

ஸ்திரிக்கைப் பெட்டி 1,000 வாட். பாடசாலை வெள்ளை உடுப்பை நாளுக்கு ஒன்றாகக் காலையில் அவசரமாகத் தேய்ப்பதைவிட ஞாயிறு பின்னேரம் ஐந்து நாளுக்கும் சேர்த்துத் தேய்த்தால், ஒவ்வொரு நாளும் பெட்டியைச் சூடாக்கும் செலவு மிஞ்சும். சோறு வேகும் மின்பானை வேகும் நேரத்தில் வீண் செய்வதில்லை. வெந்த பிறகு மத்தியானம் வரை சூடாக வைத்திருக்கும் அந்தச் சிறிய மஞ்சள் விளக்குத்தான் மெல்ல மெல்லக் கரைக்கிறது. பிரிட்ஜின் கதவு றப்பரைச் சோதிக்க ஒரு நூறு ரூபாத் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் குளிரும் அப்படியே போகிறது; றப்பரை மாற்றும் செலவு கொஞ்சம்தான். ஐஸ் பக்கற் விற்கும் வீடுகள் உறைபெட்டியில் விரலளவு பனி கட்டவிடக் கூடாது. மின்குமிழ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அநேகமானோர் எப்போதோ எல்ஈடிக்கு மாறிவிட்டார்கள். கழிவறையிலோ கோழிக்கூட்டிலோ பழைய 60 வாட் குண்டுக் குமிழ் எஞ்சியிருந்தால் அதை இன்றே கழற்றலாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் ஓர் அறிவுரை இங்கே பலிக்காது. உடுப்பு தோய்க்கும் இயந்திரத்தை நடுஇரவில் போடுங்கள், கட்டணம் குறைவு என்று கனடாவிலிருந்து மகள் சொல்லலாம். இங்கே சாதாரண வீட்டு இணைப்பில் காலை யூனிட்டுக்கும் இரவு யூனிட்டுக்கும் ஒரே விலை. மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரைதான் நாட்டுக்கு மின்சாரம் மிகவும் தட்டுப்படும் நேரம், எண்ணெய் எரியும் நேரம் என்பது உண்மை. ஆனால் நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்துக்கு மாறாத வீட்டுக்கு அந்த வித்தியாசம் பில்லில் தெரியாது. எத்தனை யூனிட் என்பது மட்டும்தான் கணக்கு.

மறுபடி மின்விசிறிக்கு வருவோம்; பணம் அங்கேதான் இருக்கிறது. பிஎல்டிசி எனப்படும் புது வகை மோட்டர் கொண்ட மின்விசிறி அதே காற்றை 30 வாட் அளவில் தருகிறது. மாதம் 110 யூனிட் ஓடும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பில் 2,800 ரூபா. எல்லா மின்விசிறிகளும் சேர்ந்து நாளுக்கு இருபது மணித்தியாலம் ஓடுகின்றன என்றால், அவற்றை மாற்றியதும் மாதத்துக்கு 27 யூனிட் குறையும். 83 யூனிட்டுக்கு பில் 1,590 ரூபா 50 சதம். மாதம் 1,200 ரூபாவுக்கு மேல் மிச்சம், அதுவும் ஒருவரும் வியர்க்காமல்.

விலைதான் இடிக்கிறது. சாதாரண மின்விசிறியைவிட இது கணிசமாகக் கூட. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ஒரே தடவையில் அவ்வளவு பணம் புரட்ட முடியாது. சங்கத்தின் சுழற்சிக் கடன் எதற்கு இருக்கிறது? சாமத்தியச் சடங்குக்கும் கடன் கொடுக்கிறோம், கதிரை மேசைக்கும் கொடுக்கிறோம். மின்விசிறிக்குக் கொடுத்த கடனின் தவணையை மிஞ்சிய பில் காசிலேயே கட்டலாம்; இப்படித் தன்னைத்தானே அடைக்கும் கடன் சங்கக் கணக்குப் புத்தகத்தில் அதிகம் இருக்காது.

தனித்தனியாகக் கடைக்குப் போகவும் வேண்டாம். இந்தியாவில் எல்ஈடி குமிழ்களை அரசு நிறுவனம் ஒன்று கோடிக்கணக்கில் மொத்தமாகக் கேள்விப்பத்திரம் போட்டு வாங்கியது. 2014இல் 310 இந்திய ரூபாவாக இருந்த கொள்முதல் விலை இரண்டே ஆண்டுகளில் 38 ரூபாவுக்கு இறங்கியது. நாற்பது மின்விசிறிக்கு அந்த அளவு விலை இறங்காது என்பது தெரிந்ததே. ஆனாலும் ஒரு பிரதேச செயலகப் பிரிவின் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே கடையில் இருநூறு மின்விசிறிக்கு விலை கேட்டால், கடைக்காரர் கதிரை போட்டு உட்காரவைத்துப் பேசுவார். உத்தரவாதக் காலத்தையும், பழுதானால் திருத்துபவர் திருகோணமலையிலேயே இருக்கிறாரா என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கலாம். வாங்குமுன் பெட்டியில் வாட் எத்தனை என்று வாசிக்க வேண்டும். "பவர் சேவர்" என்று பெரிய எழுத்தில் அச்சடித்தவை எல்லாம் பிஎல்டிசி ஆகிவிடாது.

மின்விசிறி ஏன் இவ்வளவு ஓடுகிறது? கூரையால். மீள்குடியேற்றத்தின்போது கட்டிய வீடுகளில் எத்தனையோ அஸ்பெஸ்டஸ் கூரைகள், தகரக் கூரைகள். முன்பு கிடுகு வீட்டில் மத்தியானம் படுத்தவர்கள் இன்று சீமெந்து வீட்டில் படுக்க முடியாமல் வேப்பமரத்தடிக்குப் போகிறார்கள். அகமதாபாத்தில் 2017இல் குளிர்கூரைத் திட்டம் தொடங்கியது. அங்கே மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்ற பெண்கள் அமைப்பு குடிசைப் பகுதிகளில் தகரக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதில் ஈடுபட்டது. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே சில பாகை குறையும். வேறு மந்திரம் எதுவும் அதில் இல்லை.

மாரி முடிந்து தை பிறந்ததும் கூரைக்கு வெள்ளை அடித்தால் கச்சான் காலம் முழுவதும் தாங்கும். சுண்ணாம்பு மலிவு, ஆனால் அடுத்த மாரியில் கரையும். கூரைக்கென்றே விற்கும் பூச்சு விலை கூட, பல ஆண்டு நிற்கும். அஸ்பெஸ்டஸ் கூரையைக் காய்ந்த நிலையில் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். அந்தத் தூசு சுவாசப்பைக்குக் கேடு. அந்தக் கூரைமேல் ஏறுபவர் சலாகைக்கு மேலே கால் வைக்காமல் நடுவில் வைத்தால் நேரே குசினிக்குள்தான் இறங்குவார். இளைஞர் கழகத்துப் பையன்களைக் கூப்பிடும்போது இதையும் சொல்லிவிடுங்கள்.

இனிச் சொல்லப்போவது சிக்கனத்தைப் பற்றியது அல்ல. எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் தீராத அநியாயம் ஒன்றைப் பற்றியது.

கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். மூத்தவள் கலியாணம் கட்டியதும் பெரிய வீடு அவளுக்கு. தாயும் தகப்பனும் அதே வளவின் பின்புறம் இரண்டு அறை கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். இளையவளுக்கு வளவின் மறுமூலையில் அத்திவாரம் போடுவார்கள். தமிழ் வளவிலும் இதுதான், முஸ்லிம் வளவிலும் இதுதான். அடுப்பு மூன்று, உலை மூன்று. மின்மானி மட்டும் ஒன்று. மற்ற வீடுகளுக்கு வயர் இழுத்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு குடும்பமும் மாதம் 50 யூனிட்டோடு அடக்கமாக இருக்கிறது. தனித்தனி மின்மானி இருந்தால் ஒரு வீட்டுக்கு 505 ரூபா, மூன்றுக்கும் 1,515 ரூபா. ஒரே மின்மானியில் அது 150 யூனிட். பில் 4,770 ரூபா. பாவித்த மின்சாரம் அதேதான். மாதம் 3,255 ரூபா கூடுதல். மூன்று குடும்பமும் ஏழைக் குடும்பங்கள், ஆனால் அட்டவணையின் கண்ணுக்கு அது வசதியான ஒரு வீடு. இரண்டு குடும்பமாக, குடும்பத்துக்கு 55 யூனிட் என்றாலும் 1,090 ரூபாவில் முடிய வேண்டியது 2,800 ரூபா ஆகிறது. குறைவாகப் பாவிப்பவருக்குச் சலுகை என்று வகுத்த படிமுறை, கூடி வாழ்பவரைத் தண்டிக்கும் முறையாக மாறிவிடுகிறது. கொழும்பு மாடிவீட்டில் தனியே வாழும் ஒருவருக்கு 50 யூனிட்டுக்கு 505 ரூபா. மூதூர் வளவில் தாய்க்கும் இரு மகள்மாருக்கும் அதே 50 யூனிட் தலா 1,590 ரூபா.

இதற்கு மருந்து தனி இணைப்பு. அது இலவசம் அல்ல. குடியிருப்புக்கான சான்று வேண்டும், வயரிங் சரியென்ற சான்று வேண்டும், இணைப்புக் கட்டணம் பல ஆயிரம் வரும். காணி உறுதி தாயின் பேரிலா, மகளின் பேரிலா, அனுமதிப்பத்திரம் மட்டும்தானா என்பதில் பல விண்ணப்பங்கள் சிக்குகின்றன. போரில் பத்திரங்கள் தொலைந்த வீடுகள் இந்த மாவட்டத்தில் எத்தனை! ஆனாலும் மாதம் 3,000 ரூபாவுக்கு மேல் மிஞ்சும் இடத்தில் இணைப்புக் கட்டணம் சில காலத்தில் திரும்பிவிடும். கடன் கொடுக்கும் வரிசையில் மின்விசிறிக்கும் முன்னால் இதை வைக்கலாம். எந்தப் பத்திரம் இருந்தால் போதும், இரண்டாவது வீட்டுக்கு என்ன நிபந்தனை என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாக அலைந்து கேட்பதைவிட, பிரதேச மின் பொறியியலாளர் அலுவலகத்திலிருந்து ஒருவரைச் சங்கக் கூட்டத்துக்கே அழைத்து எல்லோருக்கும் முன்னால் கேட்பது நல்லது.

கூரையில் சூரியத் தகடு போடலாமா என்று கூட்டங்களில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 90 யூனிட் ஓடும் வீட்டுக்கு அதற்காகக் கடன் எடுப்பது இன்றைய நிலையில் உசிதமல்ல. பெரிய பில் கட்டுபவர்களுக்கு அது இலாபம். சிறிய வீட்டுக்கு முதலில் மின்மானி, பிறகு மின்விசிறி, பிறகு பார்க்கலாம். பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சுவதும் இரவில் தட்டுப்படுவதும் நாட்டுக்கே இப்போது பெரிய தலையிடி. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டது. தேவை குறைந்த, வெயில் நிறைந்த அந்தப் பகலில் வலையமைப்பு அதைத் தாங்கும் நிலையில் இருக்கவில்லை. அடுத்து வந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது.

சம்பூரில் பெரிய அளவில் சூரிய மின்நிலையம் வருகிறதே, அதனால் நமக்கு மலியாதா என்பது இன்னொரு கேள்வி. 2006இல் போரால் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய மண்ணில் இந்திய நிறுவனத்தோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் என்றார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூருக்கு 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை இரு நாட்டுத் தலைவர்களும் கொழும்பிலிருந்தே தொடக்கி வைத்தார்கள். சீனக்குடாவில் வெள்ளைக்காரர் விட்டுப்போன 99 எண்ணெய்த் தொட்டிகளுக்கு 2022 ஜனவரியில் புதிய ஒப்பந்தம். திருகோணமலையை வலுசக்தி மையமாக்க இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையும் 2025இல் இன்னோர் உடன்பாடு. எல்லாம் நடக்கட்டும். ஆனால் நாடு முழுவதும் வீட்டுக் கட்டணம் ஒன்றே. சம்பூர் மின்சாரம் தேசிய வலையமைப்புக்குப் போகும். மின்கம்பி தலைக்கு மேலே போகிறது என்பதற்காகச் சம்பூர் வீட்டு பில்லில் ஒரு சதமும் குறையாது.

அட்டவணையை மாற்றும் இடம் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. கட்டணத்தைத் திருத்துமுன் அது பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது, எழுத்திலும் நேரிலும். மின்சார சபை கேட்டதை ஆணைக்குழு எப்போதும் கொடுத்துவிட்டதில்லை; 2025 ஒக்டோபரில் 6.8 சதவீத உயர்வு கேட்ட கோரிக்கையை அது நிராகரித்தது. அங்கே போய் விலை கூடிவிட்டது என்று பொதுவாகப் புலம்புபவர்கள் பலர். ஒரே வளவுக்குள் பல குடும்பங்கள் ஒரு மின்மானியில் வாழ்ந்தால் படிகளைக் குடும்பங்களின் எண்ணிக்கைக்கேற்ப விரிக்க வேண்டும் என்ற கோரிக்கை, கணக்கோடு, கிராம அலுவலர் உறுதிப்படுத்திய குடும்ப எண்ணிக்கையோடு, கிழக்கிலிருந்து போகட்டும். பில்லில் நாட்களின் எண்ணிக்கைக்கேற்பப் படிகளை நகர்த்த முடிகிற கணினிக்குக் குடும்ப எண்ணிக்கைக்கேற்ப நகர்த்துவது பெரிய வேலையா?

அதற்குத் தரவு வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வோர் அங்கத்தவரும் கடைசி மூன்று பில்லைக் கொண்டுவரலாம். செயலாளர் ஒரு கொப்பியில் ஐந்து நிரல் கீறினால் போதும்: வீட்டு இலக்கம், பில்லில் உள்ள நாட்கள், யூனிட், அந்த மின்மானியில் எத்தனை குடும்பம், எத்தனை மின்விசிறி. யூனிட்டை நாட்களால் பிரித்ததும் எந்த வீடு இரண்டைச் சற்றே தாண்டுகிறது, எது மூன்றைச் சற்றே தாண்டுகிறது என்று தெரியும். மின்விசிறிக்கான முதல் கடன் அந்த வீடுகளுக்கு. நான்காவது நிரலில் இரண்டு, மூன்று என்று எழுதிய வளவுகளைத் தனித் தாளில் எடுத்து வைக்கவும். கிண்ணியாவின் தாளும் வெருகலின் தாளும் சேருவிலவில் உள்ள சிங்களச் சகோதரிகளின் தாளும் மாவட்டச் சம்மேளனத்தில் ஒன்றாகச் சேர்ந்தால், ஆணைக்குழுவுக்கு அனுப்பும் கடிதத்துக்கு அதுவே பின்னிணைப்பு. கடிதம் மூன்று மொழியிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாவட்டத்தின் மின்பாவனையாளர் ஒருவர்